அரை மாத்திரை

ஏழாம் ஆண்டில் பாடமாக்கியது:
கண் ஒருமுறை இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
அரை இமைப்பு எப்படியிருக்கும் என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

போன மாசம் கண் டொக்டர் சொன்னார்:
"நீங்க இமைக்கிறீங்கதான், தங்கச்சி.
ஆனா முழுசா மூடுறதில்ல.
இமை பாதியில திரும்பிருது."
அப்படியென்றால் காலை எட்டரையிலிருந்து
நான் வெறும் மெய்யெழுத்து.
புள்ளி வைத்த கண்.

புளியந்தீவில் மூன்றாம் மாடி.
முப்பத்தொரு கதிரை, முப்பத்தொரு திரை.
வேறொரு நாட்டுக்காரர் சாமான் வாங்கிய சிட்டைகளைப்
பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது வேலை.
பூனைத் தீன் இரண்டு. வெங்காயத்தாள் ஒரு கட்டு.
யாரோ ஒருவர் கிழமைக்குக் கிழமை
கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்குகிறார்.
அவருக்கும் திரைக்கு முன்னால்தான் சோறு போல.
பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு
மூன்றும் ஐந்தும் எட்டும்
ஒரே ஆள்.

கொழும்பிலிருந்து கண் நலத் திட்டம் வந்தது.
விளக்கை மஞ்சளாக்கினார்கள், திரையைத் தாழ்த்தினார்கள்,
ஆளுக்கொரு சொட்டு மருந்து,
எல்லாருக்குமாக ஒரு மணி.
இருபது நிமிடத்துக்கு ஒருக்கா அடிக்கும்;
இருபது அடிக்கு அப்பால்
இருபது விநாடி பார்க்க வேண்டும்.
திட்டத்தோடு வந்த தெஹானி
நாடாவை இழுத்து மண்டபத்தை அளந்தாள்.
பதினாலு அடி.
அதற்கு மேல் சுவர்.
சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள்
"எமது தூரநோக்கு".

முதல் கிழமை முழுக்க அதைத்தான் பார்த்தோம்.
"உலகத் தரம்" என்ற இடத்தில்
ஓர் இலையான் செத்துக் கிடந்தது.

யன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.
திரையில் வெளிச்சம் தெறிக்குதென்று
எப்போதோ ஒட்டியது.
அது யன்னல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.
றொசைரோ சவர அலகால் சுரண்டினார்.
சுரண்டச் சுரண்ட
வாவி.
அட, இவ்வளவு கிட்டவா கிடந்தது.

அடுத்த மணிக்கு ஒரு தோணி.
அதில் ஒருத்தன் எழும்பி வலையை வீச,
வலை விரிந்து விழ முதல்
இருபது விநாடி முடிந்தது.
அதற்கடுத்த மணிக்கு அவன் குந்தியிருந்து
பீடி பற்றவைக்கிறான்.
மீன் பட்டதா என்று யசோதினியைக் கேட்டேன்.
அவளும் அதே இருபது விநாடிதான் பார்த்தவள்.

மாத முடிவில் கணக்காளர் சிவகாந்தன்
தாளில் எழுதிப் பெருக்கினார்.
நாளுக்கு இருபத்துநாலு மணி,
ஆளுக்கு எட்டு நிமிடம்,
முப்பத்தொரு பேருக்கு
நாலு மணித்தியாலம் எட்டு நிமிடம்.
"தினம் அரை ஆள் சும்மா இருக்கிற மாதிரி" என்றார்,
கண்ணைக் கசக்கிக்கொண்டே.
அந்த அரையை எனக்குத் தெரியும்.

மணியை நிறுத்தினார்கள்.
சிரிக்கிற கண் வரைந்த சுவரொட்டியை
அப்படியே விட்டார்கள்.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கு ஹம்தா இருமினாள்.
ஒன்பது பத்துக்கு இருமினாள்.
சளியில்லை, காய்ச்சலில்லை.
ஒன்பது முப்பதுக்கு
முப்பத்தொரு கதிரையும் ஒரே கிறீச்சில் திரும்பின.
கணக்காளரும் வந்து யன்னலடியில் நின்றார்.
ஏனென்று அவர் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

வெளியே நீர்க்காகம் ஒன்று முங்கியது.
எங்கே எழும்பும் என்று
ஆளுக்கொரு இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
இருபது தாண்டியிருக்கும்.
எனக்குக் கண் எரிந்தது, பிறகு நனைந்தது,
மூடினேன்,
முழுசாக.

திறந்தபோது தண்ணீரில் ஒரு வட்டம்
பெருத்துக்கொண்டு போனது.
"எழும்பிட்டா?" என்று கேட்டேன்.
ஹம்தா இருமினாள்.